நூலா, பின்னா? குடல் இணைப்பும் அதன் வீக்கமும்

சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றின் அறுவைக்கூடத்தில் நான் தாதியாக வேலை பார்க்கிறேன். அறுவைக்கூடத் தாதிகள் நோயாளியின் குடும்பத்தாரோடு பேசும் வாய்ப்பு குறைவு. ஆனால் தமிழ் மட்டுமே பேசும் முதியவர்கள் வார்டில் இருந்தால் மொழிபெயர்க்க எங்களையும் கூப்பிடுவார்கள். அப்படிப் போன ஒரு மாலையில், பெருங்குடலின் ஒரு பகுதியை அகற்றி இரண்டு நாள் ஆகியிருந்த ஒரு பெரியவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸி, உள்ள நூலு போட்டுத் தச்சாங்களா, பின்னு அடிச்சாங்களா? இணைச்ச இடம் வீங்கியிருக்கும்னு டாக்டர் சொன்னாரே, ஒழுங்காத் தச்சா ஏன் வீங்கணும்?" என்று கேட்டார். சிங்கப்பூரில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் குடல் புற்றுநோயும் ஒன்று என்பதால், இந்தக் கேள்வி பல வீடுகளில் எழக்கூடியது. அன்று படுக்கையருகே நான் சொன்ன பதில் இரண்டு வாக்கியம்தான். அதன் நீண்ட வடிவம் இது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். குடல் இணைப்பு வீங்குவது தையல் கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. எந்த முறையில் இணைத்தாலும், எவ்வளவு தேர்ந்த கை இணைத்தாலும், அந்த இடம் ஓரளவு வீங்கியே தீரும். அறுவை மருத்துவரின் சிக்கல் வேறு: அவர் தைப்பது அறுவை சிகிச்சை நாளின் குடலை, அந்தத் தையல் தாங்க வேண்டியதோ மூன்றாம் நாளின் குடலை. இடைப்பட்ட நேரத்தில் குடலின் சுவர் தடிக்கிறது, நீர் கோத்துக்கொள்கிறது, மென்மையாகிறது. நூல், பின் ஆகிய இரண்டில் எது நல்லது என்ற கேள்வியின் பெரும்பகுதி, இந்த மாற்றத்துக்கு எது எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதுதான்.

குடலின் சுவர்

சிறுகுடலாகட்டும் பெருங்குடலாகட்டும், சுவர் நான்கு படலங்களால் ஆனது. உணவு தொட்டுச் செல்லும் உட்புறத்தில் சளிப்படலம். அதற்கு அடியில் சளியடிப்படலம். அதைச் சுற்றி உணவைத் தள்ளும் தசைப்படலம். வெளிப்புறத்தில் வழவழப்பான மெல்லிய புறப்படலம். இவற்றில் வலிமை முழுவதும் தசையில்தான் இருக்கும் என்று பலரும் நினைப்பார்கள், நானும் பயிற்சிக் காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் தையலைப் பிடித்து நிறுத்துவது சளியடிப்படலம். அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1887ஆம் ஆண்டில் நாய்களின் குடலில் செய்த சோதனைகளின் மூலம் இதை எடுத்துக்காட்டினார்: ஊசி சளியடிப்படலத்தைப் பிடித்தால் தையல் நிற்கிறது, மற்றப் படலங்களை மட்டும் பிடித்தால் கிழித்துக்கொண்டு வந்துவிடுகிறது. காரணம், கொலாஜன் என்னும் உறுதியான நார்ப்பொருள் பின்னல் பின்னலாக அமைந்திருப்பது அந்தப் படலத்தில்தான்.

சீனப் புத்தாண்டுக்கு முன்னர் சைனாடவுன் கடைகளில் வரிசையாகத் தொங்கும் லாப் சியோங்கைப் பார்த்திருப்பீர்கள். இயற்கை உறையில் செய்யப்படும் அத்தகைய சாசேஜ்களின் உறை, பன்றிக்குடலின் மற்றப் படலங்களைச் சுரண்டி எடுத்த பின் எஞ்சும் சளியடிப்படலமே. இவ்வளவு இறைச்சியைத் திணித்தாலும் கிழியாமல் தாங்குகிறதென்றால் அதன் உறுதி புரியும். பல நூற்றாண்டுகளாக அறுவை மருத்துவர்கள் பயன்படுத்திய கேட்கட் என்ற கரையும் நூலும் ஆட்டுக்குடலின் இதே படலத்திலிருந்து திரிக்கப்பட்டதுதான். குடலைக் குடலாலேயே தைத்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்பும் வியப்பும் சேர்ந்து வந்தன.

இந்தப் படலத்தை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வலிமை இருக்கும் அதே இடத்தில்தான் இரத்தக்குழாய்களும் நிணநீர்க்குழாய்களும் வலைபோல் ஓடுகின்றன. எனவே வீக்கமும் பெரும்பாலும் அங்கேதான் தேங்குகிறது. தையலைத் தாங்க வேண்டிய படலமே நீர் கோத்து ஊறிப்போகிறது.

ஏன் வீங்குகிறது?

தேக்கா சந்தையில் காய்கறியும் மீனும் வாங்கி, நான்கைந்து பிளாஸ்டிக் பைகளை விரல்களில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்திருக்கிறீர்களா? சிறிது நேரத்தில் பையின் காது விரலில் பதிந்து, அதற்கு மேலே விரல்நுனி கருஞ்சிவப்பாகிக் கனத்துப்போகும். விரலுக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் தமனி ஆழத்தில், அழுத்தமாக இருக்கிறது. திரும்பக் கொண்டுபோகும் சிரையோ மெல்லிய சுவருடையது. பை அழுத்தும்போது சிரை முதலில் மூடிக்கொள்கிறது, தமனி மூடுவதில்லை. வருகிறது, போகவில்லை. அதனால் விரல்நுனி வீங்குகிறது.

குடலில் இறுக்கமாகப் போட்ட தையலும் இதையேதான் செய்கிறது. நுண்குழாய்களின் உள்ளே உள்ள அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. இரத்தத்தில் உள்ள ஆல்புமின் போன்ற புரதங்கள் அதை உள்ளே இழுத்துப் பிடிக்கின்றன. இந்த இழுபறியை ஆங்கிலேய உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896ஆம் ஆண்டில் விளக்கினார். சிரை அடைபட்டால் உள்ளழுத்தம் கூடி நீர் வெளியே வருகிறது. வெட்டுப்பட்ட காயத்தின் அழற்சியால் குழாய்களின் சுவர் ஓட்டையாகி மேலும் நீர் வருகிறது. நிணநீர்க்குழாய்களை வெட்டிவிட்டதால் அந்த நீர் வடிந்து போகவும் வழி குறைகிறது. நோயால் மெலிந்து ஆல்புமின் குறைந்தவர்களுக்கு நீரை இழுத்துப் பிடிக்கும் பக்கமும் தளர்ந்துவிடுகிறது. குடலை வெளியே எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, அங்குமிங்கும் புரட்டுவதாலேயே அது சற்றுத் தடிப்பதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். தொடக்கத்தில் மெல்லியதாக, இளஞ்சிவப்பாக இருந்த குடல், மூன்று மணி நேரம் கழித்து ஊறிய அவலைப்போல் கனத்துக் கிடக்கும்.

இந்த வீக்கம் அறுவை முடிந்த முதல் ஓரிரு நாள்களில் ஏறி, பிறகு மெல்ல வடிகிறது. இதே நாள்களில் வேறொன்றும் நடக்கிறது. காயத்தின் ஓரத்தில் உள்ள பழைய கொலாஜனை உடல் கரைத்துவிட்டுப் புதியதை நெய்யத் தொடங்குகிறது. புதியது போதிய அளவு வருவதற்குள் பழையது குறைந்துவிடுவதால், ஏறத்தாழ மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை இணைப்பு தன் சொந்த பலத்தில் மிகவும் நலிந்திருக்கிறது. அந்நாள்களில் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டிருப்பது நூலோ பின்னோ மட்டுமே. உடலின் சொந்த நெசவு இன்னும் தறியில்தான் இருக்கிறது.

நூலால் இணைப்பது

ஃபிரெஞ்சு அறுவை மருத்துவர் அந்துவான் லெம்பேர் 1826ஆம் ஆண்டில், குடலின் வெளிப்படலங்கள் ஒன்றையொன்று தொடும்படி ஓரங்களை உள்ளே மடித்துத் தைக்கும் முறையை அறிவித்தார். வெளிப்படலமும் வெளிப்படலமும் முகத்தோடு முகம் வைத்தால் சில மணி நேரத்திலேயே பசைபோல் ஒட்டிக்கொள்கின்றன. மலமும் கிருமியும் வெளியே கசிய வழி குறைகிறது. அதன் பிறகு நூறு ஆண்டுக்கும் மேலாக, உள்ளே ஒரு வரிசை, வெளியே லெம்பேர் முறையில் இன்னொரு வரிசை என இரட்டை வரிசைத் தையலே வழக்கமாக இருந்தது. பாதுகாப்புக்கு மேல் பாதுகாப்பு என்பது அதன் தர்க்கம்.

தேக்கா நிலையத்தின் மேல்மாடியில் ரவிக்கை தைக்கும் அக்காவிடம் போனால், "உள்ள துணி விட்டிருக்கேன், பின்னால பிரிச்சுக்கலாம்" என்பார். துணிக்கு உள்ளே மடிப்பு இருப்பது நன்மை. குடலுக்குள் அதே மடிப்பு வேறு கதை. ரவிக்கையின் மடிப்பு வீங்காது. குடலின் மடிப்பு வீங்கும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்விட்டம் 25 மில்லிமீட்டர் உள்ள சிறுகுடலை எடுத்துக்கொள்வோம். இணைக்கும் இடத்தில் ஓரங்களை மடித்ததால் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு உள்ளே ஒரு விளிம்பு நிற்கிறதென்றால், திறந்திருக்கும் விட்டம் 19 மில்லிமீட்டராகிறது. விட்டம் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கினாலும், திறப்பின் பரப்பு ஏறத்தாழ 58 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. இப்போது அந்த விளிம்பு வீங்கி 3 மில்லிமீட்டர் 5 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் 15 மில்லிமீட்டர். பரப்பு 36 விழுக்காடு. இது விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட எண்களில் போட்ட கணக்கு. ஒவ்வொரு நோயாளிக்கும் அளவு மாறும். ஆனால் அறுவை மருத்துவர்கள் பெரிய மடிப்பைக் கண்டு ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பது இதில் தெரிந்துவிடும். இரட்டை வரிசையில் மடிப்பு பெரிது. இரண்டு வரிசைக்கு இடையில் சிக்கிய தசைக்கு இரத்தம் குறைவு. குறைந்த இரத்தத்தால் வீக்கம் அதிகம்.

எனவே ஒற்றை வரிசைத் தையல் மெல்ல மெல்ல இடம்பிடித்தது. 1970களில் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் நார்மன் மாதிசன் பரப்பிய முறையில், ஊசி புறப்படலத்தின் வழியே நுழைந்து தசையையும் சளியடிப்படலத்தையும் பிடித்து, சளிப்படலத்தைத் துளைக்காமல் வெளியே வருகிறது. ஓரங்கள் அதிகம் மடியாமல் முனையோடு முனை பொருந்தி நிற்கின்றன. ஓரத்திலிருந்து ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் உள்ளே, தையலுக்குத் தையல் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் இடைவெளி என்பது பொதுவான அளவு. நாம் எடுத்துக்கொண்ட 25 மில்லிமீட்டர் குடலின் சுற்றளவு 78 மில்லிமீட்டருக்கும் சற்று அதிகம். ஆக, தனித்தனி முடிச்சாகப் போட்டால் ஏறத்தாழ 16 முடிச்சு.

ஒற்றை வரிசை ஆபத்தானது அல்லவா என்ற ஐயம் நியாயமானதே. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் 132 நோயாளிகளைச் சமவாய்ப்பில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஒற்றை வரிசைத் தொடர் தையலும் மற்றப் பிரிவுக்கு இரட்டை வரிசை முடிச்சுத் தையலும் போட்டார்கள். முதல் பிரிவில் இரண்டு கசிவு, இரண்டாம் பிரிவில் ஒன்று. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இதைப் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு என்று சொல்ல முடியாது. நேரம் மட்டும் தெளிவாக வேறுபட்டது: ஒற்றை வரிசைக்குச் சராசரியாக 21 நிமிடம், இரட்டை வரிசைக்கு 31 நிமிடம். மயக்கத்தில் படுத்திருப்பவருக்குப் பத்து நிமிடம் என்பது, குடல் திறந்து கிடக்கும் பத்து நிமிடம்.

தொடர் தையலுக்கும் தனி முடிச்சுக்கும் இடையிலும் வீக்கத்தைப் பொறுத்து ஒரு வேறுபாடு உண்டு. வழுக்கிச் செல்லும் ஒற்றைப்புரி நூலால் தொடர்ந்து தைத்தால், சுருள்கம்பிபோல ஓர் இடத்தின் இறுக்கத்தை அடுத்த இடம் பகிர்ந்துகொள்ளும் என்பது அதை விரும்புவோர் வாதம். ஆனால் அதிகம் இழுத்துவிட்டால் சுருக்குப்பை வாயைப்போல இணைப்பு முழுவதும் சுருங்கிவிடும். தனி முடிச்சில் அந்த அச்சம் இல்லை. ஒரு முடிச்சு இறுகிப்போனால் பாதிப்பு அந்த ஓரிடத்தோடு நிற்கும். இளம் மருத்துவர்கள் முடிச்சுப் போடும்போது மூத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: சேர்த்து வை, நெரிக்காதே. முடிச்சுக்குக் கீழே குடல் வெளுத்துப்போனால் அது நாளை வீங்கப்போகும் இடம் என்று அர்த்தம். கருவிகளை எடுத்துக் கொடுக்கும் நிலையில் நின்றுகொண்டே, நூல் இறங்கும்போது திசு வெளுக்கிறதா என்று பார்க்க நானும் பழகிவிட்டேன்.

ஓரங்களை உள்ளே மடிக்காமல் வெளியே பிதுக்கித் தைத்தால் உள்வழி குறுகாதே என்று கேட்கலாம். 1960களில் அப்படியும் முயன்றார்கள். உள்வழி அகலமாகத்தான் இருந்தது. ஆனால் 1970இல் இங்கிலாந்தின் லீட்ஸில் ஜான் கோலிகரும் அவர் குழுவினரும் பெருங்குடலில் இரண்டையும் ஒப்பிட்டபோது, வெளியே பிதுக்கிய தையலில் மலக்கசிவு அதிகம் என்று கண்டார்கள். கையால் தைக்கும்போது அந்த முறையை இப்போது பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள்.

பின்களால் இணைப்பது

பலரும் நினைப்பதுபோல் ஸ்டேப்லர் நேற்று வந்த பொருளல்ல. ஹங்கேரியின் புடாபெஸ்டில் ஹூமெர் ஹுல்ட்ல் 1908ஆம் ஆண்டிலேயே அதைப் பயன்படுத்தினார்; கருவியின் எடை ஏறத்தாழ மூன்றரை கிலோ. பின்னர் சோவியத் ஒன்றியத்தில் அது செப்பனிடப்பட்டு, 1950களின் இறுதியில் அங்கு சென்ற அமெரிக்கர் மார்க் ராவிச் வழியாக அமெரிக்காவை எட்டியது. அலுவலகத்தில் காகிதம் அடிக்கும் ஸ்டேப்லரைப் போன்றதுதான் அடிப்படை. ஆனால் பின்னின் கால்கள் தட்டையாக மடியாமல், ஆங்கில எழுத்து 'பி' வடிவில் வளைகின்றன. அந்த வடிவத்தின் இரு துவாரங்கள் வழியே நுண்ணிய இரத்தக்குழாய்கள் நெரிபடாமல் செல்ல முடிகிறது. வரிசைகள் ஒன்றுக்கொன்று மாறி மாறி அமைவதும் கசிவைத் தடுப்பதோடு இதற்காகவும்தான்.

வீக்கத்தோடு ஸ்டேப்லருக்கு உள்ள உறவு நூலுக்கு உள்ளதைவிட வேறுபட்டது. இந்தக் கட்டுரையில் நான் நிதானிக்க விரும்பும் இடம் இதுதான். நேர்கோட்டு ஸ்டேப்லரில் செருகும், பின்கள் நிரப்பிய தோட்டாக்கள் நிறத்தால் பிரிக்கப்பட்டு வரும். நிறங்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறக்கூடும். பரவலான ஒரு வழக்கத்தில், வெள்ளைத் தோட்டாவின் பின் மூடிய பிறகு உயரம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர், நீலம் 1.5, பச்சை 2. அறுவை மருத்துவர் "நீலம்" என்று கேட்டவுடன், நாங்கள் உறையைப் பிரிப்பதற்கு முன் "நீலமா?" என்று ஒரு முறை திருப்பிக் கேட்போம். அந்த ஒரு சொல்லில், இரண்டு குடல்சுவர்களும் சேர்ந்து 1.5 மில்லிமீட்டருக்குள் நசுங்கி நிற்க வேண்டும் என்ற முடிவு அடங்கியிருக்கிறது. கையால் தைப்பவர் ஒவ்வொரு தையலிலும் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். ஓரிடம் தடித்திருந்தால் அங்கே சற்றுத் தளர்த்தலாம். தோட்டாவுக்கு ஒரே உயரம்தான். குடலின் தடிப்பைப் பின் கண்டுகொள்வதில்லை.

இதனால் இரு வகையில் பிழை நேரலாம். சுவர் தடித்து, நீர் கோத்திருக்கும் குடலில் உயரம் குறைந்த பின்னை அடித்தால், கால்கள் முழுமையாக வளையாமலோ, திசு நெரிந்து வெட்டுப்பட்டோ போகும். மாறாக, வீங்கிய நிலையில் சரியாகப் பொருந்திய ஒரு பின்கூட, வீக்கம் வடிந்து சுவர் மெலிந்ததும் தளர்ந்து நிற்கும். காலையில் வீங்கிய விரலுக்கு அளவெடுத்துச் செய்த மோதிரம் மாலையில் கழன்று விழுவதைப்போல.

இதற்கு அறுவைக்கூடத்தில் ஓர் எளிய தந்திரம் உண்டு. ஸ்டேப்லரின் தாடைகளை மூடியதும் உடனே அடிக்காமல், சிலர் 15 விநாடி, சிலர் அதற்கும் மேலாகக் காத்திருப்பார்கள். அந்த அழுத்தத்தில் திசுவில் தேங்கிய நீர் பக்கவாட்டில் நகர்ந்துபோகிறது, சுவர் மெலிகிறது, பின் சரியாக வளைகிறது. கூடமே அமைதியாக இருக்கும், மயக்க மருந்து இயந்திரம் மட்டும் ஒலிக்கும் அந்த விநாடிகள் எனக்கு எப்போதும் நீண்டதாகவே தோன்றும்.

பெருங்குடலை மலக்குடலோடு இணைக்க ஆசனவாய் வழியாகச் செலுத்தும் வட்ட ஸ்டேப்லரைப் பயன்படுத்துகிறார்கள். அது ஒரே அடியில் வட்ட வரிசையில் பின்களைப் பதித்து, உள்ளே ஒரு வட்டக் கத்தியால் வழியையும் வெட்டித் திறக்கிறது. கருவியை வெளியே எடுத்ததும் அதனுள் இரண்டு திசு வளையங்கள் இருக்கும், மேல் முனையிலிருந்து ஒன்று, கீழ் முனையிலிருந்து ஒன்று. அவற்றை ஈரத்துணியில் வைத்து, விரலால் மெல்ல விரித்து, முழு வட்டமாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். உளுந்து வடையின் துளையைச் சுற்றி மாவு அறுந்திருந்தால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்துவிடும். வளையம் அறுந்திருந்தால் இணைப்பிலும் ஓரிடம் விட்டுப்போயிருக்க வாய்ப்புண்டு. அங்கே கையால் வலுப்படுத்துவார்கள், அல்லது மீண்டும் இணைப்பார்கள். பிறகு வயிற்றில் நீர் நிரப்பி, கீழிருந்து காற்றை ஊதி, குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் உண்டு. மிதிவண்டி டியூபில் ஓட்டை தேடுவதும் அப்படித்தானே.

ஒப்பிட்டால் எது முன்னே?

ஒரே வரியில் விடை சொல்ல முடியாததற்குக் காரணம், குடலின் எந்த இடம், எந்த நிலை என்பதைப் பொறுத்து விடை மாறுவதுதான். சிறுகுடலின் முடிவைப் பெருங்குடலோடு இணைப்பதில், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2011இல் வெளியிட்ட தொகுப்பாய்வு ஏழு ஆய்வுகளின் 1,125 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. ஸ்டேப்லர் போட்டவர்களில் கசிவு ஏறத்தாழ 2.5 விழுக்காடு, கையால் தைத்தவர்களில் ஏறத்தாழ 6. இதைப் படித்தால் கதை முடிந்ததென்றே தோன்றும். ஆனால் ஐரோப்பிய மருத்துவர்கள் 2015இல் அதே வகை அறுவை செய்துகொண்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைத் திரட்டியபோது, மொத்தக் கசிவு 8.1 விழுக்காடாக இருந்தது. மற்றக் காரணிகளைச் சமன்செய்த பிறகு ஸ்டேப்லர் பக்கம்தான் கசிவு கூடுதலாகத் தெரிந்தது. பின்னது சமவாய்ப்பில் பிரித்த ஆய்வு அல்ல என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் கவனமாகத் தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் கிடைக்கும் முடிவு, எல்லாவிதக் குடலும் வந்து சேரும் அன்றாட நடைமுறையில் அப்படியே கிடைப்பதில்லை என்பதை அது காட்டுவதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெருங்குடலுக்கும் மலக்குடலுக்கும் இடையிலான இணைப்பில், ஒன்று மற்றதைவிட மேல் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே தொகுப்பாய்வுகள் கூறின. ஆனால் பிற்காலத்தில் வழி குறுகிப்போவது ஸ்டேப்லரில் அதிகம். இருந்தும் இடுப்பெலும்புக்குள் ஆழமாக, கை நுழைவதே கடினமான இடத்தில், வட்ட ஸ்டேப்லர் இல்லையென்றால் பலருக்கு நிரந்தரமாக வயிற்றில் மலம் சேரும் பை வைக்க வேண்டியிருந்திருக்கும். அங்கே ஒப்பீடு என்பதே சற்றுச் செயற்கையானது.

வீக்கம் மிகத் தெளிவாக மேடையேறும் இடம் அவசர அறுவை. விபத்தில் அடிபட்டு, இரத்தம் இழந்து, பல லிட்டர் டிரிப் ஏறி, குடல் பெருத்துக் கிடக்கும் நோயாளியிடம் ஒரே உயரமுள்ள பின் பொருந்துமா என்ற கேள்வி அங்கிருந்துதான் எழுந்தது. 2001இல் அமெரிக்காவில் பல விபத்துச் சிகிச்சை மையங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் ஸ்டேப்லர் இணைப்புகளில் கசிவு அதிகமாக இருந்தது. பின்னர் 2017இல் வந்த பெரிய ஆய்வில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் கையால் தைக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகம் நோயுற்றவர்களாக இருந்தார்கள். அதாவது மோசமாக வீங்கிய குடலைப் பார்த்ததும் மருத்துவர்களின் கை தானாகவே நூலைத் தேடிப்போயிருக்கிறது. நான் நின்ற மேசைகளிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. சில வேளைகளில் இரண்டையும் விட்டுவிட்டு, முனைகளை மூடி வைத்து, ஓரிரு நாள் கழித்து நோயாளியின் நிலை சீரானதும் இணைப்பார்கள். அல்லது தற்காலிகமாக வயிற்றில் பை வைப்பார்கள்.

மனிதர்களிடம் இந்த ஆய்வுகள் எண்ணுவது கசிவையும் அடைப்பையும்தான். வீக்கத்தை நேராக அல்ல. வீக்கத்தை அளக்க, திசுவை எடுத்து ஈர எடைக்கும் உலர்ந்த எடைக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும், நுண்ணோக்கியில் படலத்தின் தடிப்பை அளக்க வேண்டும், எவ்வளவு அழுத்தத்தில் இணைப்பு வெடிக்கிறது என்று சோதிக்க வேண்டும். இவற்றை விலங்குகளிடம்தான் செய்ய முடியும். அப்படி 2009இல் ஜெர்மனியில் எலிகளிடம் செய்த ஒரு சோதனையில், தையல் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல் இருந்தும், அளவுக்கு மிஞ்சி உப்புநீர் ஏற்றப்பட்ட எலிகளின் சளியடிப்படலம் வீங்கியிருந்தது. நான்காம் நாளில் அவற்றின் இணைப்பு குறைந்த அழுத்தத்திலேயே வெடித்தது. தைத்தவரின் திறமை மட்டும் போதாது, தலைமாட்டில் நின்று டிரிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் மயக்க மருத்துவரும் இந்த இணைப்பில் பங்காளி என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அதற்காக நீரை ஒரேயடியாகக் குறைப்பதும் சரியல்ல. 2018இல் ஏறத்தாழ 3,000 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், மிகக் குறைவாக நீர் ஏற்றியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு அதிகமாக நேர்ந்தது.

வார்டில் கேட்கப்படுபவை

பின் உள்ளேயே இருந்துவிடுமா என்று அநேகமாக எல்லாரும் கேட்கிறார்கள். ஆம், டைட்டானியத்தாலான அந்தப் பின்கள் உடலுக்குள்ளேயே இருக்கும், எடுக்கத் தேவையில்லை. காந்தத்தால் ஈர்க்கப்படாதவை என்பதால் எம்ஆர்ஐ எடுக்கப் பொதுவாகத் தடையில்லை, ஆனால் ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லிவிட வேண்டும். சாங்கி விமான நிலையத்தில் சத்தம் போடுமா என்று ஒரு தாத்தா கேட்டார். அவ்வளவு சிறிய உலோகத்துக்குப் பொதுவாகப் போடாது. கரையும் நூலாக இருந்தால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானாகக் கரைந்துவிடும்.

வீட்டிலிருந்து ரசமும் கஞ்சியும் கொண்டுவரும் உறவினர்கள், வீங்கியிருக்கும் இணைப்பு வழியே உணவு போகுமா என்று தயங்குவார்கள். மருத்துவர் அனுமதித்தால் அருந்தலாம்; வாய்வழி உணவை நாள்கணக்கில் நிறுத்தி வைப்பது இப்போதைய வழக்கமல்ல. ஆனால் எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் வயிறு உப்பி, குமட்டல் இருக்கும்போது ஊட்டிவிட்டால் வாந்தி நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு. நாடித்துடிப்பு திடீரென்று ஏறுவது, காய்ச்சல், குறைந்துவந்த வயிற்றுவலி மீண்டும் கூடுவது, வயிறு இறுகுவது ஆகியவை கசிவின் அறிகுறிகளாக இருக்கலாம். பெரும்பாலும் முதல் வாரத்தின் பிற்பகுதியில் தலைகாட்டும் இவை வீடு திரும்பிய பிறகு வந்தால் மறுநாள் காலைவரை காத்திருக்கக் கூடாது, உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

என் கையைப் பிடித்துக் கேட்ட அந்த அம்மாவின் கணவருக்கு, சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் ஸ்டேப்லரால் இணைத்து, அதை நுழைத்த திறப்பை மட்டும் நூலால் மூடியிருந்தார்கள். ஆக, "ரெண்டும்தான்மா" என்பதே அவருக்குச் சரியான பதிலாக இருந்தது. நான்காம் நாள் காலையில் பெரியவருக்குக் காற்று பிரிந்தது, குடல் மீண்டும் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அதை என்னிடம் சொல்வதற்காகவே அந்த அம்மா லிஃப்ட் வாசலில் காத்திருந்தார்.